பேயத்தியின் நாற்பது காய்கள்

ஆஸ்பத்திரிப் பையை ஞானையா மூன்றாவது தடவையாகக் கட்டிலில் கவிழ்த்தார். சீப்பு, பல் செட் டப்பா, பாதி தீர்ந்த குளுக்கோஸ் பாக்கெட், சாராளின் மூக்குக் கண்ணாடி, துவைக்காத இரண்டு நைட்டி. நோட்டை மட்டும் காணோம். காலையிலிருந்து யார் யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறார்கள். ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. பச்சை அட்டை போட்ட நீள நோட்டு, அது எங்கே போய்த் தொலைந்தது?

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாராள் படுத்திருந்தாள். விடியற்காலை நாலு நாற்பதுக்கு மூச்சு நின்றது. எட்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மூன்று மணிக்கு வீட்டில் ஜெபம், நாலு மணிக்குச் சர்ச்சில் அடக்க ஆராதனை. இப்போது மணி இரண்டாகப் போகிறது.

மகன் மெர்வின் கதவைத் திறந்து தலையை நீட்டினான். மேடவாக்கத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவன், இன்னும் ஆபீஸ் சட்டையிலேயே இருந்தான்.

"அப்பா, எல்லாரும் உங்களைக் கேக்குறாங்க. இங்க என்ன பண்றீங்க?"

"அம்மாவோட நோட்டு எங்கடா?"

"அதுவா? அச்சுதன் சார் காலையிலயே கேட்டார், குடுத்துட்டேன்."

ஞானையா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைக் கேக்காம ஏன்டா குடுத்தே?"

"இதுக்கெல்லாமா கேக்கணும்? அம்மாவோட ஸ்டூடன்ட், இப்ப அதே காலேஜ்ல புரொஃபசர். அவருக்குத்தானே அது புரியும்? ஜெபத்துல பேசப் போறார். அதுலேர்ந்து ரெண்டு வரி வாசிக்கிறேன்னார்."

வாசித்தால் தொலைந்தது.

பின்கட்டில் நிற்கிற அந்தப் பேயத்தி மரத்தை ஞானையாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இலை உப்புத்தாள் கணக்காகச் சொரசொரக்கும். காய் தண்டிலும் அடியிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும், வாயில் வைக்க முடியாது. வெட்டிவிடலாம் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார். சாராள் காதிலேயே வாங்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள், ரிட்டயரான மறுநாளே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஏழு வருஷம், புருஷனுக்குக் காப்பி கொடுக்க மறந்தாலும் மறப்பாள், மரத்துக்குப் போக மறக்க மாட்டாள்.

அவள் சொல்லிச் சொல்லி அவருக்கும் அந்தக் கதை மனப்பாடம். பேயத்தியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எள்ளளவுகூட இல்லாத ஒரு குளவி ஆண் மரத்துக் காய்க்குள் முட்டையிட்டுப் பெருகும். அங்கே பிறந்த பெண் குளவி மகரந்தத்தைச் சுமந்துகொண்டு பறந்து வரும். அதற்கு ஆயுசு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதில் சிலது ஏமாந்து பெண் மரத்துக் காய்க்குள் நுழைந்துவிடும். காயின் வாய் அவ்வளவு இறுக்கம், சிறகெல்லாம் ஒடிந்து வாசலிலேயே ஒட்டிக்கொள்ளும். உள்ளே முட்டையிட இடமே கிடையாது. அலைந்து அலைந்து அங்கேயே செத்துப்போகும். ஆனால் அது கொண்டுவந்த மகரந்தத்தால்தான் காய் விதை பிடித்துப் பழுக்கும். குளவி வராத காய் வெம்பி உதிர்ந்துவிடும்.

வீட்டு மரம் பெண். பக்கத்தில் இருந்த ஒரே ஆண் மரம் ஏரிக்கரையில் நின்றது, போன டிசம்பர் புயலில் வேரோடு சாய்ந்தது. ஜனவரியிலிருந்து ஒரு குளவிகூட வரவில்லை. சாராள் விடவில்லை. தயிர் டப்பா மூடியைத் துண்டு துண்டாக வெட்டி, நம்பர் எழுதி, நாற்பது காய்களில் நூல் போட்டுக் கட்டினாள். உதிர உதிரப் புதுக் காயில் கட்டினாள். தினமும் காலையில் ஸ்டூல் மேல் ஏறி, லென்ஸை வைத்து ஒவ்வொரு காயின் வாயிலும் ஒடிந்த சிறகு இருக்கிறதா என்று பார்ப்பாள். இறங்கி வந்து நோட்டில் சைபர் போடுவாள்.

"ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதுங்க. எங்கயோ ஒரு ஆண் மரம் உயிரோட இருக்குன்னு அர்த்தம்," என்பாள்.

பதினோரு நாளைக்கு முன்னால் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் நோட்டைக் கையோடு கொண்டுபோனாள். மறுநாள் காலையில் அவர் பிளாஸ்கோடு உள்ளே நுழைந்ததும் கேட்டாள். "பாத்தீங்களா?"

அவர் மரத்துப் பக்கமே போகவில்லை. அவசரமாகக் குளித்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தார். ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண் இரண்டும் அவரையே பார்த்தன. வாயில் வந்தது, சொல்லிவிட்டார்.

"மூணு."

அவள் அழுதேவிட்டாள். நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். போனை வாங்கி அச்சுதனிடம் சொன்னாள். "வந்துடுச்சு அச்சுதா, வந்துடுச்சு!" அதற்கு அப்புறம் எப்படி வாபஸ் வாங்குவது? மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் எட்டு. அவள் எழுதச் சொல்ல, அவரே நோட்டில் எழுதினார். தினமும் குளிக்க வீட்டுக்கு வந்தார், ஆனால் பின்கட்டுக் கதவைத் திறக்கவில்லை. பார்த்தால் சைபர் என்று தெரிந்துவிடும். பார்க்காதவரை அது முழுப் பொய்யில்லை என்று மனசு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவளுக்கு ரொம்ப முடியவில்லை. விடிந்ததும் காட்டலாம் என்று இன்றைய தேதியைப் போட்டுப் பத்தொன்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்தார். விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

இன்றைய தேதியில் பத்தொன்பது. யார் பார்த்தது? எப்போது பார்த்தது? நோட்டைப் புரட்டுகிற குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அச்சுதன் வாசலில் சாமியானாவுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயசு, முகம் அழுது வீங்கியிருந்தது. நோட்டு அவன் கக்கத்தில் இருந்தது. ஞானையாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், மேடம் சொன்ன அன்னைலேர்ந்து ஆறு பசங்க அந்த ஆண் மரத்தைத் தேடிட்டிருக்காங்க. வண்டலூர், ஊரப்பாக்கம், மாடம்பாக்கம்னு ஒரு ஏரிக்கரை விடல. எப்படியும் கண்டுபிடிச்சிடுவோம் சார். மேடம் பேர்லதான் கட்டுரையும் போகுது, இந்தக் கடைசி நம்பரைச் சேர்த்தா முடிஞ்சுது."

"வெயில்ல ஏன் அலையுறாங்க?" என்றார் ஞானையா.

"மேடமுக்காக சார். ஒருத்தி நேத்து மயங்கியே விழுந்துட்டா. இருந்தாலும் இன்னைக்கும் போயிருக்கா." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நான் ஒரு நிமிஷம் பின்னாடி போய் மரத்தைப் பாத்துட்டு வந்துடறேன்."

"இப்ப வேண்டாம்!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்கெல்லாம் நாற்காலி போட்டு ஜனங்க உக்காந்திருக்காங்க. அப்புறமா நானே கூட்டிட்டுப் போறேன். அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க. அவ எழுத்தைப் பாக்கணும் போல இருக்கு."

அச்சுதன் உடனே கொடுத்துவிட்டான். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். ஞானையாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கடைசிப் பக்கத்தை எடுத்தார். அவருடைய குண்டு குண்டான எழுத்து, மூன்று, ஐந்து, எட்டு என்று ஏறிக்கொண்டே போய்ப் பத்தொன்பதில் நின்றது. இந்த ஒரு தாளைக் கிழித்தால் போதும். போனில் அவள் சொன்னது அச்சுதனுக்குத் தெரியும், அது அப்படியே நிற்கட்டும். ஏமாந்த குளவியால்தானே காய் பழுக்கிறது? சாராள் ஏமாந்தால்தான் என்ன, சந்தோஷமாகப் போனாள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். நூல் போட்டுத் தைத்த நோட்டு. இந்தப் பக்கம் இழுத்தால் அதே தாளின் மறுபாதி அந்தப் பக்கம் கழன்று வந்தது. அது என்னவென்று திருப்பிப் பார்த்தார்.

ஜனவரி. சாராளின் ஒல்லியான எழுத்து. சைபர், சைபர், சைபர். ஒரு நாள் பக்கத்தில் "மழை, குடை பிடித்துப் பார்த்தது" என்று எழுதியிருந்தாள். இன்னொரு நாள் "மூச்சு வாங்குகிறது, இரண்டு தவணையாகப் பார்த்தது." அன்றைக்கும் சைபர்தான்.

ஞானையா முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்தவர். செங்கல்பட்டு லைனில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர். வண்டி வருவதற்கு முன்னால் வந்ததாக ரிஜிஸ்டரில் எழுதிய அசிஸ்டென்ட் ஒருவனை அவரே எழுதிக்கொடுத்து சஸ்பெண்ட் செய்ய வைத்திருக்கிறார். அவன் பெண்டாட்டி வந்து காலில் விழுந்தாள். அப்போதும் மசியவில்லை. இப்போது அதே வேலையை அவரே செய்து வைத்திருக்கிறார், அதுவும் செத்துக்கொண்டிருந்தவளின் நோட்டில்.

ஆறு மாசத்துச் சைபர் நூற்றெண்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவள் அந்தப் பலவீனமான இதயத்தை வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி இறங்கியிருக்கிறாள். அவள் கண்டது அதுதான். அதற்குக் கீழே அவர் தன் பொய்யை எழுதி, அவள் பார்த்ததையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறார். நாளைக்கு எவனாவது இந்தப் பத்தொன்பது பொய் என்று கண்டுபிடித்தால் ஜனவரி சைபரையும் யார் நம்புவார்கள்?

கதவு தட்டப்பட்டது. "அப்பா! சர்ச் ஐயர் வந்துட்டார். அம்மாவைச் சவப்பெட்டிக்கு மாத்தியாச்சு. வாங்க."

தாளைக் கிழிக்காமலே வெளியே வந்தார். அச்சுதன் கையை நீட்டினான். நோட்டைக் கொடுத்தார்.

ஐசக் ஐயர் ஜெபம் செய்தார். பாட்டுப் பாடினார்கள். சவப்பெட்டியின் தலைமாட்டில் போட்ட நாற்காலியில் ஞானையா உட்கார்ந்திருந்தார். சாராளுக்கு வெள்ளைப் பட்டு கட்டியிருந்தார்கள். முகத்தில் வலியே இல்லை. அவரோடு சண்டை போட்டு ஜெயித்த நாட்களில் இப்படித்தான் தூங்குவாள்.

"ப்ரொஃபசர் அச்சுதன் அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுவார்," என்றார் ஐயர்.

அச்சுதன் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தான். "ஆறு மாசம் தினமும் சைபர் எழுதினவங்க எங்க மேடம். யாரா இருந்தாலும் ஒரு மாசத்துல விட்டிருப்போம். ஆனா போறதுக்குப் பத்து நாள் முன்னாடி அவங்க காத்திருந்தது வந்துடுச்சு. கர்த்தர் அவங்க கண்ணுக்குக் காட்டிட்டார். கடைசிப் பக்கத்தை வாசிக்கிறேன்..."

"வாசிக்காதீங்க."

ஞானையா எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"அது பொய். குளவி வரல. நான் மரத்தைப் பாக்கவே இல்ல. அவ கேட்டா, நான் வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னேன். பதினோரு நாளும் நான் எழுதினது பொய்."

கூடத்தில் எல்லாருடைய தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"அப்பா!" மெர்வின் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தான். "இன்னைக்கா? இப்பவா? அம்மா சந்தோஷமாப் போனாங்கன்னு இருக்கறதையும் கெடுக்கணுமா?"

"ஆமாடா. இப்பத்தான். அவ வெளிய போறதுக்குள்ள."

"பெரியவர் மனசு சரியில்ல," என்று யாரோ ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். ஐயர் மெதுவாக அவர் தோளைத் தொட்டார். ஞானையா அசையவில்லை. அச்சுதன் நோட்டைத் திறந்தான். கடைசி வரியைப் பார்த்தான். தேதியைப் பார்த்தான். காது வரைக்கும் முகம் சிவந்தது.

"ஆறு பசங்க வெயில்ல அலையுறாங்க சார்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் நாலு அறை அறைந்திருந்தால்கூட ஞானையாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"போன் பண்ணி வரச் சொல்லிடுங்க. தப்பு என்னுது. அவங்க கால்ல வேணா விழறேன்." பேனாவை உருவினார். "பதினோரு வரியையும் ஒரே கோடா அடிங்க. கிழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. அடிச்ச ஒவ்வொரு வரிக்கும் நான் கையெழுத்து போடறேன்."

அச்சுதன் கோடு அடித்துக் கொடுக்க, நின்றபடியே பதினோரு தடவை கையெழுத்து போட்டார். மெர்வின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். வாசலிலிருந்து வண்டி டிரைவர் பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தான்.

"சார், மூணே முக்கால் ஆயிட்ச்சு. ரோட்ல டிராபிக்கு வேற கீது. எடுத்துரலாமா?"

"கொஞ்சம் இரு," என்றார் ஞானையா. "இன்னைக்கு இன்னும் பாக்கல."

யாருக்கும் புரியவில்லை. அச்சுதனுக்கு மட்டும் புரிந்தது. "நான் பாக்கறேன் சார், நீங்க இருங்க."

"இல்ல. நான்தான் பாக்கணும்."

சாராளின் மேஜையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்தார். பத்துப் பதினைந்து பேர் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்க," என்றார். சிலர் எழுந்தார்கள், சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள். நாற்காலிகளை அவரே இழுத்துப் போட்டார். அடியில் வெம்பிய காய்கள் கிடந்தன. சில காய் மிதிபட்டு நசுங்கியிருந்தது. நூலோடு வெள்ளைத் துண்டுகள் மண்ணில் ஒட்டிக்கிடந்தன. ஏழு, பன்னிரண்டு, முப்பத்தொன்று. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினெட்டுக் காய் தரையில் கிடந்தது. ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்து, நம்பரைச் சத்தமாகச் சொன்னார். அச்சுதன் குறித்துக்கொண்டான்.

"பதினெட்டுலயும் இல்ல."

மரத்தில் இன்னும் இருபத்திரண்டு. ஸ்டூலைப் போட்டார். ஏறினார். பொன்னுரங்கம் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். "இன்னா சார் தேட்றீங்க? சொன்னா நான் ஏறுவேன்ல."

"நீ பிடி, போதும்."

கதவோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காயைத் திருப்பும்போது காம்பிலிருந்து பால் கசிந்து விரலில் ஒட்டியது. எறும்பு மணிக்கட்டில் ஏறிக் கடித்தது. மூன்று, எட்டு, பதினாலாம் நம்பர் காய்களில் இல்லை. இருபத்தாறாம் நம்பர் காயின் வாயில் ஏதோ பளிச்சென்று மின்னியது. கர்த்தரே, ஒண்ணே ஒண்ணு, என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். லென்ஸை நெருக்கிப் பிடித்தார். சிலந்தி நூல். விரலால் தொட்டதும் வந்துவிட்டது.

அந்தக் காய்க்கும் இல்லை என்றே சொன்னார். அதற்குப் பிறகு இருந்த ஒன்பது காய்களையும் அவசரப்படாமல், சாராள் பார்ப்பதுபோலவே, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். கடைசிக் காயையும் பார்த்துவிட்டு இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மெர்வின் எப்போது பின்கட்டுக்கு வந்தான் என்று தெரியவில்லை. அப்பாவின் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

கூடத்தில் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தயாராக நின்றிருந்தார்கள். ஞானையா குனிந்தார். அவள் காதுக்குப் பக்கத்தில், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஸ்டேஷனில் வண்டி விவரம் சொல்கிற பழைய குரலில் சொன்னார்.

"நாப்பதும் பாத்தேன் சாராள். ஒண்ணுமே வரல."

பிறகு மூடச் சொன்னார். விரலில் பிசுபிசுத்த பாலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் பிடிக்கக் குனிந்தார்.